ஃபைல் எங்கேங்க இருக்கு?

எம்.எஸ். ஆபீஸ் இல்லாம ஒரு மனுஷன் காலம் தள்ள முடியுமா? தாராளமா முடியும். நான் நாலு வருஷமா தள்ளிக்கிட்டிருக்கேன். என் சொந்த லேப்டாப்புல வேர்டும் கிடையாது, எக்செல்லும் கிடையாது. பொட்டி தட்டுற இடத்துலயும் இதே கதைதான். ஸ்பெக் எழுதறது, டெஸ்ட் கேஸ் ஷீட், டேமேஜருக்குப் படம் காட்ட வேண்டிய ஸ்லைடு எல்லாமே பிரவுசர் டேபுக்குள்ளயே பொறந்து அங்கயே செத்துப்போகுது. (டேமேஜர்னா யாருன்னு பொட்டி தட்டுற மக்களுக்கு நான் சொல்லணுமா? :-))

அதனால "அந்தக் காலத்து வேர்டு மாதிரி வருமா" ரகப் புலம்பல் இதுல இருக்காது. வெப் ஆபீஸ் நல்ல சாமான். ஆனா அதை வாங்கிக்கிட்டு நாம எதைக் கொடுத்தோம்னு யாரும் எண்ணிப் பார்க்கிறதில்லைங்கறதுதான் என் வருத்தம். அதை மட்டும் கொஞ்சம் பேசிடறேன்.

முதல்ல நல்லதைச் சொல்லணும் இல்லையா. 2019ல ஃபைனல் இயர் பிராஜெக்ட் ரிப்போர்ட் செஞ்சவங்களைக் கேட்டுப் பாருங்க. நாலு பேர் டீம். ஒருத்தன் சாப்டர் ரெண்டு, ஒருத்தன் சாப்டர் மூணு, ஒருத்தன் ஊருக்குப் போயிட்டான். ஃபைலோட பேரு ரிப்போர்ட்_ஃபைனல், அப்புறம் ஃபைனல்_ஃபைனல், அப்புறம் 'கைடு சொன்னது_இதான்_லாஸ்ட்'. பென் டிரைவ்ல போட்டு காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடையில சொருகினா, திரும்பி வரும்போது ஷார்ட்கட் வைரஸும் சேர்ந்து வரும். ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டா மாறி நிக்கும். அந்தக் கடை மெஷின்ல பழைய வேர்டு வேற. நம்ம ரூம்ல 62 பக்கமா இருந்த ரிப்போர்ட் அங்க 67 பக்கமாயிடும், பொருளடக்கம் சிரிக்கும். ஸ்பைரல் பைண்டிங் போடறவர் வேற "சீக்கிரம் சொல்லு தம்பி, கரண்டு போயிடும்"பார்.

அந்த ரிப்போர்ட்டை நாங்க கூகுள் டாக்ஸ்லதான் எழுதினோம். நாலு பேரும் ஒரே நேரத்துல, ஒரே பக்கத்துல, நாலு கலர் கர்சரோட. ஊருக்குப் போனவன் பஸ்ஸுல இருந்து போன்லயே எழுதினான். கடைசியில முன்பக்கங்களுக்கு ரோமன் நம்பர், உள்பக்கங்களுக்குச் சாதா நம்பர்னு யுனிவர்சிட்டி கேட்ட ஃபார்மேட்டுக்காக வேர்டுக்கு மாத்தி ஒரு ராத்திரி தாவு தீர்ந்தது உண்மை. ஆனா எழுதற வேலை சண்டையில்லாம முடிஞ்சுது. 'யார்கிட்ட லேட்டஸ்ட் காப்பி இருக்கு' என்ற கேள்வியே இல்லாமப் போச்சே, அது சின்ன விஷயமில்லீங்க.

இது எப்படி வந்ததுன்னு கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். பக்கத்தை மறுபடி மறுபடி லோடு பண்ணாம, பின்னாடியே சத்தமில்லாம சர்வர்கிட்ட பேசற வித்தை பிரவுசருக்கு வந்தப்புறம்தான் இதெல்லாம் சாத்தியமாச்சு. அந்த வித்தையை முதல்ல செஞ்சு வச்சது யாருன்னு நினைக்கிறீங்க? மைக்ரோசாஃப்டேதான்! தன்னோட அவுட்லுக் மெயிலை பிரவுசர்ல காட்டறதுக்காகச் செஞ்சு, 1999ல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5ல அதை நுழைச்சாங்க. 2005ல அதுக்கு 'அஜாக்ஸ்'னு ஒரு பேரு வந்துது. அதே வருஷம் ரைட்லின்னு ஒரு குட்டிக் கம்பெனிச் சரக்கு வந்துது, 2006 மார்ச்ல கூகுள் அதை வாங்கிப் போட்டு, அப்புறம் அதையே கூகுள் டாக்ஸ் ஆக்கினாங்க. அதே 2005ல நம்ம சென்னையில இருந்து ஜோஹோ ரைட்டரும் வந்தாச்சு. அப்போ கம்பெனி பேரு அட்வென்ட்நெட், ஜோஹோ கார்ப்பரேஷன்னு பேரு மாத்தினது 2009ல. மைக்ரோசாஃப்ட் முழிச்சுக்கிட்டு வெப்ல வேர்டு, எக்செல் கொண்டு வர 2010 ஆச்சு. தன் வீட்டுக் கதவைத் தானே செஞ்சு கொடுத்து, அதுவழியா அடுத்தவன் உள்ளே வந்ததைப் பார்த்துக்கிட்டு நின்ன கதை.

வெப் ஆபீஸ் மேல வழக்கமா சொல்ற குத்தங்கள் எதுவும் இப்ப பெருசா நிக்காது. நெட் போயிட்டா? போன்ல ஹாட்ஸ்பாட் இருக்கு. ஆஃப்லைன்லயும் எழுதலாம், நெட் வந்ததும் ஏறிக்கும். பெரிய ஷீட் தாங்காதா? கூகுள் ஷீட்ஸ் 2022லயே 1 கோடி செல் வரைக்கும் போயாச்சு. ஆடிட்டர்கள் விஷயம் மட்டும் வேற. அவங்க எக்செல்ல மேக்ரோ எழுதி வச்சு, எஃப்4 எங்க இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுத் தட்டறவங்க. அவங்ககிட்டப் போய் பிரவுசருக்கு வாங்க சார்னு சொன்னா அடி விழும். நியாயமான அடி.

டெஸ்க்டாப்புல இருந்தா பத்திரம்னு ஒரு நம்பிக்கை இருக்கே, அதுவும் பாதிதான் நிஜம். 2020 இலையுதிர்காலத்துல இங்கிலாந்துல கொரோனா கணக்குல கிட்டத்தட்ட 16,000 பேரோட பாசிட்டிவ் ரிசல்ட் விட்டுப்போச்சு. காரணம், பழைய எக்செல் ஃபார்மேட்ல ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைதான் இடம். அதுக்கு மேல வந்ததெல்லாம் சத்தம் போடாம வெளியில விழுந்துடுச்சு. அந்த ஆட்களோட தொடர்புல இருந்தவங்களைத் தேடற வேலை நாள்கணக்குல தள்ளிப்போச்சு. ஃபைல் நம்ம மெஷின்லயே இருந்தாலும் ஃபார்மேட் காலை வாரும்.

நிற்க. குறை எங்கேன்னு சொல்லணும்னா எங்க ஃபிளாட் கதைக்கு வரணும்.

நாங்க இருக்கறது சென்னைக்குத் தெற்கே ஒரு 48 வீட்டு அபார்ட்மெண்ட். அசோசியேஷன் செக்ரட்டரி நம்ம இனம்தான், பொட்டி தட்டுறவர். தங்கமான மனுஷர். நோட்டுப் புஸ்தகத்துல கோழி கிறுக்கின மாதிரி கிடந்த கணக்கையெல்லாம் தூக்கி கூகுள் ஷீட்ல போட்டார். மெயின்டனன்ஸ் யார் கட்டினாங்க, யார் பாக்கி, லிஃப்ட் காண்ட்ராக்ட், ஜெனரேட்டர் டீசல், கார்ப்பஸ் ஃபண்ட் வட்டி, தண்ணி லாரி எத்தனை லோடு, எல்லாம் ஒரே இடம். லிங்க்கைத் தட்டினா 48 வீட்டுக்காரங்களும் பார்க்கலாம். மூணு வருஷம் ஒரு சண்டை கிடையாது. அசோசியேஷன் மீட்டிங்ல சண்டை இல்லைன்னா அது எவ்வளவு பெரிய சாதனைன்னு ஃபிளாட்ல இருக்கறவங்களுக்குத் தெரியும்.

அவர் அந்த ஷீட்டை ஆரம்பிச்சது தன் ஆபீஸ் அக்கவுண்ட்ல. எப்பவும் லாகின் ஆகியே இருக்கறது அதுதானே, கை தன்னால அங்க போயிருக்கு. மூணாவது வருஷம் ஜூன் மாசம் அவர் வேலை மாத்தினார். பழைய கம்பெனி வழக்கம்போல அக்கவுண்ட்டை மூடிச்சு. மறுவாரம் லிங்க்கைத் தட்டினா ஃபைலே இல்லைங்குது.

"ஒண்ணும் கவலையில்லை, என் லேப்டாப்ல டிரைவ் ஃபோல்டர்ல இருக்கு, பென் டிரைவ்லயும் ஒரு காப்பி வச்சிருக்கேன்" என்றார் டிரஷரர் அக்கா. நிஜமாவே வச்சிருந்தாங்க. பேரு சரியா இருந்தது. தேதி சரியா இருந்தது. சைஸ் மட்டும் 1 கேபி. தட்டினா பிரவுசர் திறந்து அதே 'ஃபைல் இல்லை' பக்கம்.

நம்ம கம்ப்யூட்டர்ல டிரைவ் ஃபோல்டருக்குள்ள தெரியற கூகுள் ஷீட், டாக்ஸ் எதுவும் ஃபைலே கிடையாது. அது ஒரு விலாசச் சீட்டு. உள்ளே ஒரு ஐடி நம்பர் இருக்கும், வேணும்னா யாரோட அக்கவுண்ட்னு இருக்கும். அவ்வளவுதான். கணக்கு, எழுத்து, ஒரு வரிகூட அதுக்குள்ள இல்லை. பத்து பென் டிரைவ்ல காப்பி எடுத்தாலும் பத்து விலாசச் சீட்டு சேருமே தவிர வீடு ஒண்ணுகூட வராது. ஃபோட்டோ, பிடிஎஃப் எல்லாம் அந்த ஃபோல்டர்ல நிஜமான ஃபைலா இருக்கறதால இதையும் அப்படித்தான்னு எல்லாரும் நம்பிடறாங்க. ஐகான் போட்டு, பேரு போட்டு, ஃபைல் மாதிரியே வேஷம் கட்டி விட்டிருக்கானே, அது எனக்கு நியாயமாப் படலை.

செக்ரட்டரி பழைய கம்பெனிக்கு மெயில் போட்டுக் கெஞ்சினார். கம்பெனி அக்கவுண்ட்ல இருந்தது கம்பெனி சொத்துன்னு ஒரே வரியில பதில். சட்டப்படி சரிதான். 48 வீட்டோட தண்ணிக் கணக்கு அந்தக் கம்பெனிக்கு என்ன பிரயோஜனம்ங்கறது வேற விஷயம்.

அதுக்குள்ள தண்ணி லாரி காண்ட்ராக்டருக்கு விஷயம் காதுக்குப் போயிடுச்சு. ஏப்ரல், மே மாசத்துக்கு 31 லோடு பாக்கின்னு ஒரு சீட்டோட வந்து நின்னார். இல்லைன்னு சொல்ல எங்ககிட்ட எதுவும் இல்லை. அப்போதான் பி பிளாக் பேங்க் சார் (ரிட்டயர்டு) தன் பீரோவுல இருந்து ஒரு பாக்ஸ் ஃபைலை எடுத்துக்கிட்டு வந்தார். மாசா மாசம் கடைசித் தேதியன்னிக்கு அந்த ஷீட்டை பிரிண்ட் எடுத்து, பஞ்ச் பண்ணி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டு வச்சிருக்கார் மனுஷர்! மூணு வருஷத்தையும். நாங்க முன்னாடியெல்லாம் "ஏன் சார் மரத்தை வெட்டறீங்க"ன்னு கிண்டல் பண்ணியிருக்கோம்.

அதைப் பார்த்தா 31ல 22 லோடுக்குப் பணம் போன தேதியும் ரெஃபரன்ஸ் நம்பரும் இருந்தது. காண்ட்ராக்டர் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு 9 லோடுக்கு வாங்கிக்கிட்டுப் போனார். ஜூன் மாச முதல் ரெண்டு வாரத்தை வாட்ச்மேன் அண்ணாவோட நீள நோட்டுல இருந்து எடுத்தோம். மொத்தத்தையும் திரும்ப அடிக்க எனக்கும் இன்னொருத்தருக்கும் மூணு ஞாயித்துக்கிழமை போச்சு.

"ஏம்ப்பா, நீங்கள்லாம் இன்ஜினியரிங் படிச்ச பிள்ளைங்க. கணக்குப் புஸ்தகத்தை அடுத்தவன் வீட்டு பீரோவுல வச்சுட்டு, சாவி எங்கிட்ட இருக்குங்கறீங்களே" என்றார் பேங்க் சார். நான் கிளவுட், ஓனர்ஷிப், அட்மின்னு என்னென்னமோ விளக்க ஆரம்பிச்சு, அவர் சொன்னதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்லைன்னு புரிஞ்சு நிறுத்திட்டேன்.

48 வீட்டுக்கு நடந்தது பெரிய இடத்துலயும் நடக்கும். குஜராத் வாடினார்ல வருஷத்துக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கற நயாரா எனர்ஜி இருக்கே, அதுல ரஷ்யாவோட ரோஸ்நெஃப்டுக்கு 49 சதவீதப் பங்கு. 2025 ஜூலை 18ல ஐரோப்பிய யூனியன் அவங்க மேல தடை போட்டுச்சு. நாலே நாள்ல மைக்ரோசாஃப்ட் அவங்க அவுட்லுக், டீம்ஸ் எல்லாத்தையும் நிறுத்திடுச்சு. நயாரா இந்தியக் கம்பெனி, காசு கட்டி வாங்கின லைசென்ஸ், ஐரோப்பாவோட சட்டம் இங்கே செல்லாது. ஆனா ஸ்விட்ச் யார் கையில இருக்கோ அவங்க அணைச்சா அணைஞ்சதுதான். அவங்க டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போனாங்க, மாசக் கடைசியில சேவை திரும்பி வந்துது. நடுவுல மெயிலுக்கு அவங்க ஓடினது எங்கே தெரியுமா? ரீடிஃப்! நம்ம அண்ணன்மாரெல்லாம் முதல் மெயில் ஐடி வச்சிருந்த அதே ரீடிஃப்தான்.

ஹார்ட் டிஸ்குல நிறுவின பழைய எக்செல்லை இப்படி ரிமோட்ல ஒருத்தன் அணைக்க முடியாது. லைசென்ஸ் பிரச்சனை வரும், கேஸ் வரும், ஆனா நாளைக்குக் காலையில ஃபைல் திறக்கும். அந்த 'நாளைக்குக் காலையில திறக்கும்' தான் நாம கொடுத்துட்டு வந்தது.

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் ரெண்டே மாசத்துல ஊரெல்லாம் சுதேசிப் பேச்சு. 2025 செப்டம்பர்ல மத்திய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் தன் டாக்குமெண்ட், ஷீட், ஸ்லைடு எல்லாத்தையும் ஜோஹோவுக்கு மாத்தறதா அறிவிச்சார். அடுத்த மாசம் கல்வி அமைச்சகத்துல ஜோஹோ ஆபீஸ்தான் பயன்படுத்தணும்னு உத்தரவு. தென்காசி பக்கம் மத்தளம்பாறையிலயும் ஆபீஸ் வச்சிருக்கற கம்பெனியோட சரக்கு டெல்லியில ஓடுதுன்னா எனக்கும் காலரைத் தூக்கி விட்டுக்கத் தோணுது, மறைக்க மாட்டேன். வெளிநாட்டுக்காரன் அணைச்சுடுவான்ங்கற பயம் குறையும், அதுவும் சரி. ஆனா வீட்டு ஓனர் அமெரிக்காக்காரரா இருந்து தென்காசிக்காரரா மாறினாலும் நாம வாடகைக்குத்தான் இருக்கோம். நல்ல ஓனரா இருக்கலாம். காலி பண்ணும்போது பீரோ, கட்டில் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போக விடுவாரான்னு உள்ளே போகறப்பவே கேட்கணும். அரசாங்கம் அதைக் கேட்டிருக்கணும்னு ஒரு குடிமகனா எதிர்பார்க்கிறேன். எந்தக் கம்பெனின்னு சண்டை போடறவங்க யாரும் எந்த ஃபார்மேட்ல வெளியே எடுக்கலாம்னு பேசக் காணோம்.

சரி, அப்படின்னா எல்லாரும் மூட்டையைக் கட்டிக்கிட்டு ஹார்ட் டிஸ்குக்கே திரும்பிடலாமா? அங்கதான் எங்க பெரியப்பா குறுக்கே வரார்.

பெரியப்பா ஊர்ல தமிழ் வாத்தியார். 2002ல குலதெய்வம் கோயில் வரலாறு, அஞ்சு தலைமுறை வம்சாவளி, யார் எந்த ஊருக்குப் போனாங்க எல்லாத்தையும் விசாரிச்சு, டவுன் டிடிபி கடையில உட்கார்ந்து வேர்டுல அடிச்சு சிடியில போட்டு வச்சார். சொன்னவங்கள்ல பாதிப் பேர் இப்ப இல்லை. சிடி பத்திரம், ஃபைல் பத்திரம், சைஸ் 1 கேபி இல்லை, முழுசா இருக்கு. திறந்தா ஒரு எழுத்து படிக்க முடியலை. பக்கம் பக்கமா இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும்தான். யூனிகோட் பரவாத காலம் அது. ஆளுக்கு ஒரு ஃபாண்ட், ஃபாண்டுக்கு ஒரு கணக்கு. 1999லயே தமிழ்நாடு அரசு டாம், டாப்னு தரம் வகுத்துக் கொடுத்தும் கடைக்காரங்க அவங்கவங்க ஃபாண்டைத்தான் வச்சிருந்தாங்க. அந்தக் கடையும் இப்ப இல்லை, அங்க இப்ப பிரியாணி விக்கறாங்க. எந்த ஃபாண்ட்னு ஒவ்வொண்ணா மாத்திப் போட்டுக் கண்டுபிடிச்சு, கன்வர்ட்டர்ல ஓட்டி யூனிகோடுக்குக் கொண்டு வந்தேன். அப்புறமும் கொம்பும் காலும் இடம் மாறி நின்னதையெல்லாம் பெரியப்பா பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொண்ணாத் திருத்தினார்.

இந்த ஃபாண்ட் கொடுமையிலிருந்து தமிழை இழுத்துக்கிட்டு வந்ததுல வெப்புக்குப் பெரிய பங்கு இருக்கு. பிரவுசர்ல எழுதினா யூனிகோட்தான், வேற வழியே இல்லை. சென்னையில அடிச்சது சிங்கப்பூர் போன்லயும் அப்படியே தெரியும். எங்கம்மா கூகுள் டாக்ஸ்ல மைக்கைத் தட்டிட்டுத் தமிழ்ல பேசியே ஊறுகாய் அளவெல்லாம் எழுதி வச்சிருக்காங்க. ("உப்பு கைப்பிடி"ன்னா அது "உப்பு கைபேசி"ன்னு போட்டுது ஒரு தடவை.) பெரியப்பாவோட வம்சாவளியும் இப்ப ஷேர் பண்ணின டாக்குமெண்ட்தான். கோயம்புத்தூர் அத்தை, துபாய் அண்ணன்னு ஆளாளுக்குத் தன் கிளையைச் சேர்க்கறாங்க. சிடியில பூட்டி வச்சிருந்தா இது நடந்திருக்காது.

ஆனா அது பெரியப்பா அக்கவுண்ட்ல இருக்கு. அவருக்கு 78 வயசு. ரெண்டு வருஷம் யாரும் உள்ளே போகாத தனிநபர் அக்கவுண்ட்டை அழிக்கலாம்ங்கறது கூகுளோட விதி, 2023 டிசம்பர்ல இருந்து அமல்ல இருக்கு. இதை அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாள் யோசிச்சுட்டுக் கடைசியில சொன்னேன். "அதனால என்னடா, நான் இருக்கும்போதே உன் பேருக்கு எழுதி வச்சுடறேன், நிலம் மாதிரி" என்று சொல்லி அன்னிக்கே ஓனரை மாத்திக் கொடுத்தார்.

டெஸ்க்டாப் பக்கம் ஒதுங்கவும் இனிமே முழுசா வழி இல்லை. 2025 ஆகஸ்ட்ல மைக்ரோசாஃப்ட் சொன்னதைப் பார்த்திருப்பீங்க. விண்டோஸ் வேர்டுல புதுசா ஒரு டாக்குமெண்ட் திறந்தா, நாம மாத்தாத வரைக்கும் அது நேரா கிளவுட்லதான் சேவ் ஆகும்படி கொண்டு வர்றோம்னு சொல்லிட்டாங்க. நல்லதுக்குத்தான், கரண்டு போனா எழுதினது போகாது. ஆனா மெஷின்ல வேர்டு இருக்கறதாலயே ஃபைலும் மெஷின்ல இருக்கும்னு இனிமே யாரும் நினைச்சுக்க முடியாது.

நான் செய்யறதைச் சொல்லிடறேன். வேலை எல்லாம் வெப்லதான். ஆபீஸ் அக்கவுண்ட்ல ஆபீஸ் ஆணியைத் தவிர ஒரு மளிகை லிஸ்ட்கூடக் கிடையாது. வருஷத்துக்கு ரெண்டு தடவை, பொங்கல் லீவுலயும் ஆயுத பூஜை லீவுலயும், கூகுள் டேக்அவுட்ல போய் டிரைவை மொத்தமா இறக்கிடுவேன். டாக்ஸ் வேர்டு ஃபைலா வரும், ஷீட் எக்செல்லா வரும், இந்தத் தடவை விலாசச் சீட்டு இல்லை, நிஜ ஃபைல். ஜோஹோவுலயும் டவுன்லோடு பண்ணிக்கலாம். இறக்கினதுல நாலஞ்சை லிப்ரே ஆபீஸ்ல, நெட்டை அணைச்சுட்டுத் திறந்து பார்ப்பேன். பெரும்பாலும் சரியா இருக்கும். ஷீட்டுக்குள்ள எழுதி வச்ச ஸ்கிரிப்ட் அப்படியே வேலை செய்யாது, ஓட்டற இடம் அவங்க சர்வர்ங்கறதால. கூகுளுக்கே உரிய சில ஃபார்முலாவும் அங்க செல்லாது, கடைசியா வந்த விடை மட்டும் உறைஞ்சு நிக்கும். அந்த மாதிரி ஷீட் எங்கிட்ட மூணு இருக்கு. அடுத்த லீவுல அதுல ரெண்டையாவது சாதா ஃபார்முலாவுக்கு மாத்திடணும். மூணாவது எங்க டீமோட கிரிக்கெட் பெட் கணக்கு, அது போனா சிலருக்கு சந்தோஷம்தான் :-)